பொருள்: உங்கள் கிடங்கில் வைத்த மக்காச்சோளம் பூசணம் பிடித்தது – இழப்பீடு கோரி

ஐயா,

பிப்ரவரி 18 அன்று உங்கள் பெரம்பலூர் கிடங்கில் 60 மூட்டை மக்காச்சோளம் இறக்கினேன். ஜூன் 9-இல் எடுத்து நாமக்கல் கோழித்தீவன ஆலைக்கு அனுப்பினால், சாம்பிள் குத்திப் பார்த்து லோடு முழுவதையும் திருப்பிவிட்டார்கள். பிரித்துப் பார்த்ததில் 17 மூட்டையில் பச்சைப் பூசணம், கட்டி கட்டியாக.

ஈரத்தோடு கொண்டுவந்தேன் என்கிறார் உங்கள் மேலாளர். இறக்கிய அன்று உங்கள் மீட்டரில் பார்த்து உங்கள் ஆளே ரசீதில் எழுதிய ஈரப்பதம் 13.2 சதவீதம். 14-க்கு மேல் இருந்தால் இறக்கவே விட்டிருக்க மாட்டீர்கள்.

சோளம் ஈரமாக வந்திருந்தால் காற்றுப் புகாத நடு அடுக்கில்தான் முதலில் சூடேறிக் கெட்டிருக்கும். நடு மூட்டைகள் இன்றும் 13.4. கெட்டவை எல்லாம் மேல்வரிசை; உங்கள் ஆள் முன்னால் பார்த்தபோது 18-ஐத் தாண்டியது.

வண்டைக் கொல்லப் புகை மாத்திரை வைத்து ஏப்ரலில் போட்ட பிளாஸ்டிக் தாளை ஒரு வாரத்தில் எடுத்துக் காற்றாட விட்டிருக்க வேண்டும். ஜூனில் நான் வந்தபோதும் அப்படியே கிடந்தது. தகரக் கூரை, மே மாத வெயில். பகலில் சோளத்திலிருந்து கிளம்பிய ஈரம் போக வழியில்லாமல், ராத்திரி குளிர்ந்த தாளின் உட்புறம் வேர்த்து மூட்டைமேலேயே சொட்டியிருக்கிறது. சோற்றுக் குண்டானை மூடிவைத்தவர்களுக்கு இது தெரியும். 30 டிகிரிச் சூடு இந்தப் பூசணத்துக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் 13 சதவீதச் சோளத்தில் அந்தச் சூட்டிலும் அது கிளம்பாது. கிளம்பிவிட்டாலோ, தானே சூட்டையும் ஈரத்தையும் விட்டு அடுத்த மூட்டையையும் கெடுக்கும். பெரம்பலூர் வெயிலை நீங்கள் குறைக்க முடியாது. தாளை உருவியிருக்கலாம்.

"காயவைத்துத் தூற்றி வித்துடுங்க" என்று யோசனை வேறு. காய்ந்தால் பூசணம் வளர்வது நிற்கும். அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு போகாது, வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. உணவுத் தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் வரம்பு. தூற்றிப் பிரிக்கிற சமாச்சாரமா அது? என் வீட்டுக் கோழிக்குக்கூடப் போடமாட்டேன்.

17 மூட்டைக்கு ஜூன் 9 சந்தை விலை, லோடு திரும்பிய லாரி வாடகை, அந்த மூட்டைகளுக்கு வாங்கிய கிடங்கு வாடகை ஆகியவற்றை 15 நாளில் தர வேண்டும். இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பார்ப்போம். ரசீது நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். கெட்ட மூட்டைகள் என் களத்தில் தனியாகக் கிடக்கின்றன, ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். பக்கத்து அடுக்குகளிலும் அதே தாள் மூடியிருந்தது. அதையாவது இன்றைக்கே எடுங்கள்.

இப்படிக்கு,
ரசீதில் கண்ட விவசாயி