எடைத்தட்டில் போடுவதற்கு முன் விளிம்பைப் பாருங்கள்

பழைய பொருள் கடைக்காரர்களுக்கும் மெடல் சேகரிப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைகளில் பித்தளை விளக்குகளுக்கும் பழைய நாணயங்களுக்கும் நடுவே பட்டாளத்து மெடல்கள் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு மெடல் ஒன்றும் அப்படித்தான் போனது. குற்றம் கடைக்காரர் மேல் இல்லை. வீடு மாற்றும்போது அம்மா ஒரு தகரப்பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் எடைக்குப் போட்டுவிட்டார். அதில் 1971 பாகிஸ்தான் போருக்காக அப்பாவுக்குக் கிடைத்த சங்கிராம் மெடல் இருந்தது. அதே போரின் மேற்கு முனைக்கான பஸ்சிமி ஸ்டார் என்ற இன்னொரு மெடல் பீரோவில் கிடந்ததால் தப்பியது.

அப்பா ஐ.என்.எஸ். மைசூர் என்ற போர்க்கப்பலில் ஸ்டோக்கர், அதாவது பாய்லர் அறை மாலுமி. 1971 டிசம்பரில் அரபிக்கடலில் இருந்த நம் கப்பல்களுக்கு அந்த க்ரூஸர்தான் தலைமைக் கப்பல். ஆனால் அந்தப் போர் என்றாலே எல்லோரும் கராச்சியைத் தாக்கிய ஏவுகணைப் படகுகளைத்தான் சொல்வார்கள். சரி, நியாயம்தான். ஒன்பது ஆறங்குலப் பீரங்கிகள் இருந்தும் மைசூருக்கு அந்தப் பேர் கிடைக்கவில்லை. பாய்லர் அறையில் நின்றவர்களுக்கோ பீரங்கியும் தெரியாது, கராச்சியும் தெரியாது. வெக்கையும் எண்ணெய் வாடையும்தான். டிசம்பர் 9 இரவு நம் குக்ரி கப்பல், தண்ணீருக்குள் பாய்ந்து வந்து வெடிக்கும் டார்பிடோவுக்கு இரையாகி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். அது தெரிந்த பிறகும் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே போய் வேலை பார்த்தது எப்படி இருந்தது என்று கேட்டால், "டூட்டி வந்துச்சு, பார்த்தோம்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடிந்ததில்லை.

மைசூரே முன்பு ஒருமுறை டார்பிடோ அடி வாங்கியதுதான். அப்போது அது பிரிட்டிஷ் கப்பல், பெயர் எச்.எம்.எஸ். நைஜீரியா. 1942 ஆகஸ்டில் மால்டாவுக்குச் சரக்குக் கப்பல்களைக் காவல் காத்துக்கொண்டு போனபோது இத்தாலிய நீர்மூழ்கி அடித்ததில் 52 பேர் இறந்தார்கள். 1957இல்தான் அது மைசூராக நம் கடற்படைக்கு வந்தது. நைஜீரியா கப்பலில் இருந்தவர்களுக்கும் ஸ்டார் மெடல்கள் கிடைத்தன. ஆனால் அந்த இரண்டாம் உலகப் போருக்குப் பிரிட்டன் தன் மாலுமிகளுக்குக் கொடுத்த ஸ்டார்களில் பெயர் பொறிக்கவில்லை. கைமாறிவிட்டால், யாருடையது என்று அந்த உலோகம் சொல்லாது.

நம் மெடல் அப்படியல்ல. சங்கிராம் மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், பதவி, பெயர் பொடி எழுத்தில் இருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்று அதை மழுங்கடித்துவிடாதீர்கள். அது வெள்ளியும் இல்லை, செம்பும் நிக்கலும் கலந்தது. உருக்கினால் டீச் செலவுக்குக்கூடக் காணாது. ஒரே ஆளின் மெடல்கள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் தனித்தனியாக விற்காதீர்கள். அப்புறம், அந்த எண்ணையும் பெயரையும் குறித்து உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குடும்பம் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். எடைக்குப் போட்டது தெரியாமல் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டும் இருக்கலாம், எங்களைப் போல.

சேகரிப்பவர்கள் கோபப்படவேண்டாம். உங்களில் பலர் விளிம்பைப் படித்துத்தான் வாங்குகிறீர்கள் என்று தெரியும். படித்த பெயரைத் தேடுவதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சும்மா கொடுக்கச் சொல்லவில்லை. மைசூர் ஸ்டோக்கர் ஒருவரின் சங்கிராம் மெடல் உங்களிடம் இருந்து, விளிம்பில் இருப்பது அப்பா பெயர்தான் என்றால், நீங்கள் சொல்லும் விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். பேரம் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டோக்கரின் மகன்