பதினொரு வேலைகளை ஒரே அறையில் கொட்டிய மேம்படுத்தல்: என் ஏழாவது புகார்

அனுப்புநர்: உரிமையாளர், மொழிபெயர்ப்பு மற்றும் அச்சு வடிவமைப்பு அலுவலகம், சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 3 நவம்பர் 2025
பொருள்: உங்கள் பணி மேலாண்மைச் செயலியின் செப்டம்பர் மேம்படுத்தலுக்குப் பிறகு எங்கள் வேலை அறைகள் கலந்துபோனதும், விருந்தினர் கணக்குகளுக்குக் கட்டணம் வசூலித்ததும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விவரத்தை ஆங்கிலத்தில் ஆறு முறை மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். ஆறுக்கும் ஒரே பதில்தான் வந்தது. அதிலிருந்த எழுத்துப் பிழைகூட மாறவில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சேவை உண்டு என்று உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆகவே ஏழாவதைத் தமிழில் எழுதுகிறேன். தமிழ் தெரிந்த ஒருவர் கையில் சேர்ந்தால், அவராவது கடைசி வரி வரைக்கும் படிப்பார் என்ற நம்பிக்கைதான்.

எங்களுடையது ஐந்து பேர் வேலை பார்க்கும் சிறிய அலுவலகம். துண்டறிக்கை, கோயில் விழா மலர், பயிற்சித்தாள், அழைப்பிதழ் எனத் தமிழில் எது வந்தாலும் மொழிபெயர்த்து, மெய்ப்புப் பார்த்து, பக்கம் கட்டி அச்சகத்துக்கு அனுப்புவோம். எப்போதும் பத்துப் பன்னிரண்டு வேலைகள் கையில் இருக்கும். தீபாவளி நெருங்கினால் சொல்லவே வேண்டாம். பகுதிநேர மொழிபெயர்ப்பாளர்கள், மெய்ப்பாளர்கள், வாடிக்கையாளர் தரப்பினர் என ஒன்பது பேர் உங்கள் செயலியில் விருந்தினராக வந்து போவார்கள்.

ஈராண்டுகளுக்கு முன்பு உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு தம்பி வந்தார். "அக்கா, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை. இந்த அறையில் நடப்பது அடுத்த அறைக்குத் தெரியாது. நீங்கள் மட்டும் எல்லாக் கதவையும் திறந்து பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் வாங்கினேன். மற்ற அலங்காரங்கள் எதையும் நாங்கள் தொட்டதில்லை.

அந்த அறைகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவர எங்களுக்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின. ஒவ்வோர் அறையிலும் நான்கே பிரிவுகள்: மூலம், மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, அச்சுக்கு. கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், வேலை எண் என்று தொடங்க வேண்டும். "இறுதி", "இறுதி-2", "உண்மையான இறுதி" என்று யாராவது பெயர் வைத்தால் அன்றைய தேநீர்ச் செலவு அவருடையது. வேலைப் பேச்சைப் பொது அறையில் பேசக் கூடாது. திங்கட்கிழமை காலையில் எல்லா அறைகளின் காலக்கெடுவையும் ஒரே பட்டியலாகத் திறப்பேன். தேநீர் ஆறுவதற்குள் அந்த வாரம் யார் தலையில் என்ன விழப்போகிறது என்று தெரிந்துவிடும். பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துகிறவர்களுக்குக் காலக்கெடு ஒரே இடத்தில் தெரிய வேண்டும், பேச்சு தனித்தனியாக இருக்க வேண்டும். உங்கள் மேம்படுத்தல் இதைத் தலைகீழாக்கிவிட்டது.

செப்டம்பர் 13, சனிக்கிழமை இரவு மேம்படுத்தல் நடந்தது. 15ஆம் தேதி காலையில் திறந்தால், பதினொரு அறைகளும் இடிக்கப்பட்டு ஒரே கூடமாகியிருந்தன. ஒவ்வோர் அறையிலும் "மெய்ப்பு" என்று ஒரு பிரிவு இருந்தது அல்லவா? ஒரே பெயர் பதினொரு முறை வந்ததால் செயலி தானே எண் போட்டுவிட்டது: மெய்ப்பு, மெய்ப்பு-2 என்று தொடங்கி மெய்ப்பு-11 வரை. எந்த எண் எந்த வேலை என்பது அந்தச் செயலிக்கே வெளிச்சம். காலக்கெடுப் பட்டியலோ வேலை வாரியாகச் சிதறி, பதினொரு இடத்தில் தேட வேண்டியதாகிவிட்டது.

இதன் விளைவை ஒரு சான்றோடு சொல்கிறேன். மெய்ப்பு-7 டெங்கித் தடுப்புத் துண்டறிக்கை. மெய்ப்பு-8 ஒரு குடியிருப்பாளர் குழுவின் தீபாவளி விருந்து அழைப்பிதழ். எங்கள் மெய்ப்பாளர் அறுபதைத் தாண்டியவர். கைத்தொலைபேசியில்தான் வேலை செய்வார். "கடைசியில் இந்த வரியைச் சேர்க்கவும்" என்று அவர் எழுதிய திருத்தம் 7க்குப் போகாமல் 8க்குப் போனது. பக்கம் கட்டும் பெண் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அழைப்பிதழ் இப்படி முடிந்தது: "குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். பூச்சாடித் தட்டுகளில் தேங்கிய நீரை உடனே அகற்றுங்கள்."

அச்சகத்து அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "தங்கச்சி, விருந்துக்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டதால் பிழைத்தோம். அவர் தமிழ் படிக்காதவராக இருந்திருந்தால் ஐந்நூறு அழைப்பிதழ்கள் அப்படியே வீடு வீடாகப் போயிருக்கும். இன்று எங்கள் அலுவலகத்தில் இது சிரிப்புக் கதை. அன்று எனக்குக் கை நடுங்கியது.

கொசு என்றதும் தேடல் நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் அந்தச் சொல்லைத் தேடினால் துண்டறிக்கையின் எல்லாப் படிகளும் வரும். இப்போது பாதிதான் வருகிறது. காரணத்தை நாங்களே கண்டுபிடித்தோம். "கொ" என்ற எழுத்தின் குறியைக் கணினியில் ஒரே குறியீடாகவும் பதியலாம். முன்னே ஒற்றைக்கொம்பு, பின்னே கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். எழுத்துகளைக் கணினியில் பதிவதற்கான உலகப் பொது முறையான யூனிகோடு நியமமும் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளச் சொல்கிறது. உங்கள் புதிய தேடல் மட்டும் அவற்றை வேறு வேறு சொல்லாகப் பார்க்கிறது. கொ, கோ, கௌ வரிசையில் வரும் எந்த எழுத்துக்கும் இதே கதி. தமிழில் சேவை என்று விளம்பரம் செய்கிறவர்கள் தமிழில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

காலக்கெடுத் தேதிகள் ஒரு நாள் முன்னதாக மாறிப்போனதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நள்ளிரவு என்றால் கிரீன்விச் நேரப்படி முந்தைய நாள் மாலை 4 மணி. நம் கடிகாரம் 1982ஆம் ஆண்டிலிருந்து அந்த நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதை யாரோ மறந்துவிட்டார்கள். இதில் எங்களுக்கு நட்டம் இரண்டு இரவுத் தூக்கம் மட்டுமே. அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பெரிதுபடுத்த வேண்டியது வேறு. சுவர்கள் இடிந்த அன்று விருந்தினர்களுக்கும் எல்லாம் திறந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் இன்னொருவருக்கு நான் கொடுத்த விலை மதிப்பீட்டைப் படித்துவிட்டு, "அவர்களுக்கு மட்டும் ஏன் பக்கத்துக்கு இவ்வளவு குறைவு?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? அதைவிடக் கவலை தருவது, பகுதிநேர மொழிபெயர்ப்பாளர்களின் முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் அடங்கிய கோப்பு நான்கு நாட்கள் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்த விவரங்களுக்கு அவர்களிடம் நான் பொறுப்பு. எனக்காக அவற்றை வைத்திருக்கும் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. தகவல் கசிந்ததாகக் கருத இடமிருந்தால் தாமதமின்றி எனக்குத் தெரிவித்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். கடைசியில் நான்தான் உங்களுக்குத் தெரிவித்தேன்.

இவ்வளவுக்கும் உங்கள் பதில்: "உங்கள் பணிவெளியை மறுஒழுங்கு செய்யப் பரிந்துரைக்கிறோம்", கூடவே ஓர் உதவிப் பக்கத்தின் இணைப்பு. அடுக்கி வைத்த அலமாரியைக் கவிழ்த்துவிட்டு, அடுக்குவது எப்படி என்று வீட்டுக்காரருக்கே பாடம் எடுப்பது என்ன நியாயம்?

பணத்துக்கு வருகிறேன். ஒப்பந்தப்படி விருந்தினருக்குக் கட்டணம் இல்லை. மேம்படுத்தலுக்குப் பின் ஒன்பது விருந்தினரையும் முழு உறுப்பினராகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு 18 வெள்ளி வீதம் மாதம் 162 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரி 14.58 வெள்ளி. செப்டம்பர், அக்டோபர் இரு மாதங்களுக்கும் சேர்த்து 353.16 வெள்ளி என் வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது. இது முழுமையாகத் திரும்பி வர வேண்டும்.

அதோடு, செப்டம்பர் 12ஆம் தேதி இருந்தபடி பதினொரு அறைகளையும் சுவரோடு மீட்டுத் தாருங்கள். காப்புப் பிரதிகளை 90 நாட்கள் வைத்திருப்பதாக உங்கள் ஒப்பந்தம் சொல்கிறது. என் கணக்கில் அந்தப் பிரதி டிசம்பர் 11ஆம் தேதியோடு போய்விடும். ஆகவே "ஆய்வில் இருக்கிறது" என்ற பதிலுக்கு இங்கே நேரமில்லை. அந்த நான்கு நாட்களில் மொழிபெயர்ப்பாளர் விவரக் கோப்பை எந்தெந்தக் கணக்குகள் திறந்தன என்ற பதிவும் எனக்கு வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 17ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்வேன். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள், வழக்கறிஞரும் தேவையில்லை. அந்த அழைப்பிதழின் படியை நானே நேரில் கொண்டுபோய்க் காட்டுவேன்.

பதிலை எந்த மொழியிலும் அனுப்பலாம். அந்த உதவிப் பக்கத்தின் இணைப்பை மட்டும் மறுபடியும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமையாளர்

உடன் இணைத்திருப்பவை: அழைப்பிதழின் அச்சுக்கு முந்தைய படி, இரு மாதக் கட்டணச் சீட்டுகள், உங்களிடமிருந்து வந்த ஆறு பதில்கள் (ஒன்றைப் படித்தால் போதும்).