அடித்துவிட்ட விடை

டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குத் தீபாவளி நெருங்கும்போது பதில் வருகிறது. திட்டி முடித்துவிட்டு மேலே படி. எனக்குச் சர்க்கரை, அவளுக்கு முழங்கால். மற்றபடி சுகம். டாலி ஆகாத தொகையையெல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிடுவானே, அந்த சஸ்பென்ஸ் சுப்பு ரிட்டையர் ஆகிவிட்டானாமே, கணக்கை டாலி செய்துவிட்டுத்தான் போனானா?

விஷயம் சின்னவளைப் பற்றி. பி.காம் அக்கவுண்டிங், மூன்றாம் ஆண்டு. ஜூன் தேர்வில் ஒரு பேப்பரில் கோட்டை விட்டாள். அன்றிலிருந்து "எனக்கு இது வராதுப்பா" என்று ஒரே பல்லவி. விடைத்தாளைக் காட்டச் சொன்னேன். டிஃபர்டு டாக்ஸ் கணக்கு, அதாவது இப்போது கட்டாமல் பின்னால் கட்டவேண்டி வரும் வரி. இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு 8 லட்சம் ராண்ட், வரிக்கணக்கில் 6 லட்சம். வித்தியாசம் 2 லட்சம். இங்கே கம்பெனி வரி 27 சதவீதம், ஆக 54,000. அதைத்தான் எழுதியிருக்கிறாள், அழகாக. அப்புறம் குறுக்கே இரண்டு கோடு இழுத்து அடித்துவிட்டு, கீழே வேறென்னவோ கிறுக்கியிருக்கிறாள். ஏன் என்றால், "இவ்வளவு சுலபமா வந்தா, நான் போட்டது தப்பாத்தான் இருக்கும்" என்கிறாள்! தெரியாமல் போயிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

நான் சும்மா இருப்பேனா? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியதைத் தேடிப் படித்தேன். பொதுவாகத் தன்னைப் பெரிதாக நினைப்பது வேறு, இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும் என்று நினைப்பது வேறு என்கிறார். இரண்டாவது இருப்பவன்தான் கணக்கு டாலி ஆகாதபோதும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பான், தெரியாததைக் கூசாமல் கேட்பான். மார்க் வருவது அந்த வழியாகத்தான். இவள் வகுப்பில் ஒரு பையனுக்கு நம்பிக்கை வண்டி வண்டியாக இருக்கிறதாம், புத்தகத்தைத்தான் திறப்பதில்லை. அவனும் ஃபெயில்.

அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நாலு வழி சொல்கிறார். பதற்றத்தில் கை நடுங்குவதை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதும் அதில் ஒன்று. ஆனால் தானே செய்து ஜெயித்த அனுபவத்துக்குத்தான் பலம் அதிகம். பிறர் சொல்லும் ஊக்கம் அதற்கு ரொம்பக் கீழே. நானோ "நீ கெட்டிக்காரிம்மா" என்று மூன்று வருஷமாக அந்த மட்டமான மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! இப்போது தினம் ராத்திரி ஒரு சின்னக் கணக்கு. விடையைப் பார்க்கும் முன் "எத்தனை மார்க் வரும்?" என்று அவளையே எழுதச் சொல்கிறேன். எப்போதும் குறைத்தே எழுதுகிறாள். நேற்றுத்தான் முதல்முறையாகக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னாள்.

தன்னைப் போன்ற ஒருவர் ஜெயிப்பதைப் பார்ப்பது இன்னொரு வழி. இந்த நாட்டில் அதற்குக் கனம் அதிகம் செல்வா. கறுப்பினத்தவரில் முதல் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், வைஸ்மன் என்குலு, வந்ததே 1976இல்தான். அதற்கு முன் படித்த பிள்ளைகள் யாரைப் பார்த்து "என்னாலும் முடியும்" என்று நினைத்திருப்பார்கள்? எல்லாம் பிள்ளையின் மண்டைக்குள்தான் இருக்கிறது என்று நாம் சொல்லிவிடுவது அநியாயம்.

சரி, ஒரு உதவி. உன் மூத்தவள் சி.ஏ.வில் இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவதில் எழுந்தவள்தானே? ஞாயிறன்று இவளுக்கு ஒரு போன் போடச் சொல். உங்கள் இரவு ஒன்பது மணி எங்களுக்கு மாலை ஐந்தரை. பாஸான கதை வேண்டாம், அந்த இரண்டு தடவைக்கு அப்புறம் மறுபடி எப்படிப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள் என்பதை மட்டும் சொன்னால் போதும். நான் கேட்டதாகச் சொல்லிவிடாதே.

உன்,
ராமு