வெள்ளி மூலதனமும் பவுண் கணக்கும்

பத்திராதிபர் அவர்களுக்கு,

ஐயா,

குடியேற்றக்கால வங்கியொன்று தன் பங்கு மூலதனத்தை வெள்ளி நாணயத்திலிருந்து பொன் நாணயத்துக்கு மாற்றியதால் பங்காளரின் பணத்தில் மூன்றிலொன்று கரைந்துபோனது என்று கடந்த ஞாயிறு இதழ்க் கட்டுரை கூறுகிறது. முப்பது வருடம் பேரேட்டோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றம் எதையும் கரைப்பதில்லை. முன்னரே கரைந்திருந்ததை அது கணக்கில் எழுத வைக்கிறது.

ஒரு வங்கிக்குப் பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் என்று வைத்துக்கொள்வோம். 1870களின் தொடக்கத்தில், ரூபாய் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெறுமதியோடு இருந்தபோது, அது ஒரு இலட்சம் பவுண் (அன்று ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). ஜேர்மனி வெள்ளியைக் கைவிட்டு, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி வந்து குவிந்த பிறகு விலை சரிந்துகொண்டே போய், ரூபாய் 16 பென்ஸ் ஆனபோது அதே பத்து இலட்சம் 66,667 பவுண்தான். ஆனால் கொழும்பில் கடன் கொடுத்து, கொழும்பிலேயே ரூபாயில் திரும்பப் பெற்ற வரையில் ஒரு சதமும் குறையவில்லை. பங்கிலாபத்தை இலண்டனில் பவுணாக எண்ணியவருக்கே குறைவு தெரிந்தது. (தேயிலையை இலண்டனில் பவுணுக்கு விற்று, கூலியை ரூபாயில் கொடுத்த தோட்டத்துரைக்கு இதே வீழ்ச்சி இலாபமாயிற்று என்பதையும் மறக்கலாகாது.)

பொன் மூலதனம் இருந்தாலே பாதுகாப்பு என்ற தொனியும் சரியல்ல. 1884 மே மாதத்தில் வீழ்ந்த ஓரியன்டல் வங்கியின் மூலதனம் ஸ்டேர்லிங்கில், அதாவது பொன்னை அடிப்படையாகக் கொண்ட பிரித்தானியப் பவுணில்தான் இருந்தது. கோப்பித் தோட்டங்களில் முடங்கிய கடன்களே அதன் முறிவுக்குப் பெருங்காரணம் என்றாலும், மூலதனம் பொன்னிலும் கீழைத்தேசக் கடன்கள் வெள்ளியிலும் கிடந்த பொருத்தமின்மை அதற்கு எவ்விதத்திலும் உதவவில்லை. அன்று தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அந்த வங்கி வெளியிட்டிருந்த பண நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதத்தைக் கொடுத்திராவிட்டால் கொழும்புக் கடைத்தெருவே ஸ்தம்பித்திருக்கும். மாறாக, 1892இல் இங்கு கிளை திறந்த ஹொங்கொங் சங்காய் வங்கி, தலா 125 ஹொங்கொங் வெள்ளி டொலர் கொண்ட பங்குகளாக மூலதனத்தை வெள்ளியிலேயே வைத்துக்கொண்டு, ஒதுக்கு நிதியில் ஒரு பகுதியை ஸ்டேர்லிங்கில் தனியாக வைத்தது. என் அபிப்பிராயத்தில் அதுவே கெட்டிக்காரத்தனம்.

என் பாட்டியின் பெட்டகத்திலிருந்து கிடைத்த விக்டோரியா ரூபாய் ஒன்று மேசைமேல் இருக்கிறது: விளிம்பு தேய்ந்தது, 180 கிரெயின் எடையில் அடித்தது, அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. 1893 ஜூன் வரை இதன் பெறுமதி அந்த வெள்ளியின் பெறுமதியே. அம்மாதம், இலங்கையிலும் புழங்கிய இந்த ரூபாயை அடித்த இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை வாங்கி நாணயமடிப்பதை நிறுத்தின. அடுத்த ஆண்டில் 13 பென்ஸ் அளவுக்கு இறங்கிய ரூபாய், நாணயம் அரிதாக அரிதாக ஏறி, 16 பென்ஸில் நிலைத்தது. 1899இல் ஒரு சவரனுக்கு (ஒரு பவுண் பெறுமதியுள்ள பொன் நாணயத்துக்கு) பதினைந்து ரூபாய் என்று இந்தியச் சட்டமே வகுத்தது. அதன்பின் ரூபாய் உருவத்தில் வெள்ளி, மதிப்பில் பொன்.

ஆகவே ரூபாய் மூலதனத்தை 1893க்கு முன் மாற்றிய வங்கி நாளைய வெள்ளி விலைமீது பந்தயம் கட்டியது. 1899க்குப் பின் மாற்றிய வங்கி வெறும் வகுத்தல் கணக்குச் செய்தது. கட்டுரையாளர் எந்த ஆண்டின் மாற்றத்தைப் பேசுகிறார், எந்த விகிதத்தில் கணித்தார் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிப்பாராயின் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு.