பரணில் தப்பிய கடன் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. பெரிய வெள்ளி வரைக்கும் எங்கள் பக்கத்து ஆலயங்களில் கிருபை, இரக்கம், மன்னிப்பு என்றுதான் பிரசங்கம் ஓடும். எங்களுக்குக் கிருபைக்குப் பஞ்சமே கிடையாது. வீட்டுச் சுவரில் கிருபை, ஆட்டோவின் முதுகில் தேவ கிருபை. என் கடைப் பலகையிலும் அதுதான். அதனால் இந்தக் கடிதத்தை எழுதக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

ஏரல் பக்கம் 30 வருஷத்துக்கு மேலாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. கடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். அரிசி, பருப்பு, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கென்று வாங்கிப் போட்ட மைதா, சீனி எல்லாம் போயிற்று. பரணில் கிடந்த கடன் நோட்டு மட்டும் ஒரு சொட்டு நனையவில்லை. அதைக் கர்த்தருடைய கிருபை என்று ஜெபக்கூட்டத்தில் சாட்சியே சொன்னேன்.

தூத்துக்குடியில் எனக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரிக்கு 1,86,000 ரூபாய் பாக்கி நின்றது. பஸ் ஓடத் தொடங்கியதும் தவணை கேட்கலாம் என்று போனேன். அண்ணாச்சி திருச்செந்தூர் முருகனுக்கு வருஷம் தவறாமல் நடந்தே போகிறவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பேரேட்டைப் புரட்டி என் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "ஆளு இருக்கீருல்லா, அது போதும். பழசை விடும். புதுச் சரக்கு அனுப்புதேன்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து ஆள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

சில நாள் கழித்து ரேஷன் கடையில் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். வாழைத்தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அக்கா பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். என் நோட்டில் அவருக்கு 4,300 ரூபாய். "அக்கா, நம்ம கணக்கு..." என்று இழுத்தேன். சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் வீட்டுச் சுவர் ஒரு பக்கம் விழுந்து கிடந்தது எனக்குத் தெரியும். முடிச்சை அவிழ்த்து 2,000 எண்ணிக் கொடுத்தார். ராத்திரி நான் வரவு எழுதும்போது என் மனைவி கேட்டாள்: "அண்ணாச்சி உங்ககிட்ட எவ்வளவு எண்ணி வாங்குனாவ?" அது வேற, இது வேற என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்த லெந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், வேதாகமத்தில் மத்தேயு 18ஆம் அதிகாரத்தை வாசித்தார். ராஜா ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனை மன்னிக்கிறார். அவன் வெளியே போய், நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட சக வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். கடைக்காரப் புத்தி, அங்கேயே கணக்குப் போட்டேன். நாள் கூலி 600 ரூபாய் என்றால் அவனுக்குத் தள்ளுபடியானது 3,600 கோடி. அவன் நெரித்துக் கேட்டது 60,000. ஆனால் அந்த 60,000மும் சும்மா இல்லை, நூறு நாள் உழைப்பு. அவனும் 'அது வேற, இது வேற' என்றுதான் நினைத்திருப்பான்.

இன்னொன்றும் அன்றைக்கு உறைத்தது. ஆலயத்தில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது 'எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்' என்கிறோம். வேதாகமத்தில் மத்தேயு 6இல் உள்ள வார்த்தை 'கடன்களை' என்பது. கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று பச்சையாகவே இருக்கிறது. குற்றம் என்று சொல்வது நாக்குக்குச் சுலபம்.

மன்னிப்பு என்றால் பிரசங்கத்தில் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரைச் சொல்வார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவரான மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் 10, 6 வயதுப் பையன்கள் இருவரையும் வண்டியோடு கொளுத்தினார்கள். மன்னித்தேன் என்றார் அவர். அப்புறமும் 2004 வரை பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்துகொண்டு இருந்தார். கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். நம் தலையில் அப்படி ஒன்று விழப்போவதில்லை என்ற தைரியத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஐயர்மாருக்கு என் வேண்டுகோள், அந்த அம்மையாரைச் சொல்லுங்கள், கூடவே எங்களைப் போன்றவர்களின் 4,300 ரூபாயையும் சொல்லுங்கள்.

அந்த அக்காவிடம் 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், மீதியும் வேண்டாம் என்றேன். வாங்கிக்கொண்டு, "சுவரு பூசியாச்சு, இப்ப எதுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் எனக்கு அது உறுத்தியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நோட்டில் இதுவரை 11 பேரின் பக்கங்களில் குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன். புது பைக்கில் என் கடையைத் தாண்டிப் போகும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு தம்பியின் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. 7,250 ரூபாய். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.