கொமிஷனை மேலே எழுதுங்கள், தம்பிமாரே

இணையத்தில் தமிழில் பொருள் ரிவியூ எழுதும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். லிங்க் கொமிஷன், அதாவது உங்கள் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கடை உங்களுக்குத் தருகிற காசு, எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் அடுப்பு எரிவதே அதில்தான். அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை, ஏனென்றால் என் அடுப்பும் ஏறக்குறைய அப்படித்தான் எரிகிறது. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், லமினேட், அப்புறம் ஒன்லைனில் பொருள் எடுக்கத் தெரியாதவர்களுக்கு ஓடர் போட்டுக் கொடுப்பது. பட்டிருப்புப் பாலத்தால், வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள்தான் அதற்கு அதிகம். ஓடர் ஒன்றுக்கு 150 ரூபா எடுப்பேன். உள்ளே கால் வைத்ததும் கண்ணில் படுகிற மாதிரி அதை ஒரு மட்டையில் மார்க்கரால் எழுதி மாட்டியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பதும் அப்படி ஒரு மட்டையைத்தான். கட்டுரையின் தலையில், முதல் லிங்குக்கு முன்னால், தமிழில்: இதை வாங்கினால் எனக்குக் கொமிஷன் வரும். அடுத்த வரியில், இந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தேனா இல்லையா.

இதற்கு ஏன் ஒரு மடல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மாரி தொடங்குவதற்கு முந்தின கிழமை, பழுகாமத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். மகன் கட்டாரில். அவர் வட்ஸ்அப்பில் என்னோடு பேசினார்: "அண்ணன், அம்மாவுக்கு வீட்டில வச்சுப் பிரஷர் பார்க்க ஒரு மெஷின் எடுத்துக் குடுங்க. நல்லதாப் பாருங்க." எனக்குப் பிரஷர் மெஷினைப் பற்றி என்ன தெரியும்? தமிழிலேயே தேடினேன். முதலில் வந்தது உங்களில் ஒருவருடைய பக்கம். சிறந்த ஏழு மெஷின்கள். முதலாவதாக மணிக்கட்டில் கட்டுகிற ஒன்று, ஐந்துக்கு 4.8 நட்சத்திரம். "எங்கள் குழு சோதித்துத் தேர்ந்தெடுத்தது, துல்லியமானது, முதியோருக்கு மிகவும் ஏற்றது." சரி, குழுவே சோதித்திருக்கிறதே என்று 8,900 ரூபாவுக்கு ஓடர் போட்டேன். என் 150 ரூபாவையும் எடுத்துக்கொண்டேன்.

பெரியம்மா மூன்று கிழமை அதில் பார்த்தார். 130, 128, 134. பேத்தி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். பிரஷர் இறங்கிவிட்டது, ஏன் சும்மா குளிசை என்று அவர் இரவுக் குளிசையை விட்டுவிட்டார். கிளினிக்குக்குப் போன அன்று 176. தாதி மிஸ்ஸி இரண்டாம் முறையும் பார்த்தார், 174. மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, வீட்டில் எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். பெரியம்மா கையை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். ஒரு கண்ணில் வெண்புரை, கிட்டப் பிடித்தால்தான் இலக்கம் தெரியும். அப்படியே அளந்தபோது 151. கையை நெஞ்சுக்கு நேரே இறக்கி வைத்து அளந்தபோது 168.

மணிக்கட்டு மெஷினை இதயத்தின் மட்டத்தில் பிடிக்க வேண்டும். மேலே தூக்கினால் குறைத்துக் காட்டும், கீழே விட்டால் கூட்டிக் காட்டும். அதனால்தான் வீட்டில் பார்க்கிறவர்களை மேல்கையில் பட்டி கட்டுகிற மெஷினை எடுக்கச் சொல்கிறார்கள். இதை எனக்குச் சொன்னது மிஸ்ஸி. பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் கொப்பியிலும் படம் போட்டுக் காட்டியிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காதது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "முதியோருக்கு மிகவும் ஏற்றது" என்று எழுதிய கைக்கு இந்த ஒரு வரியை எழுத என்ன கஷ்டம்?

அன்று இரவு கடையைப் பூட்டிய பிறகு உங்கள் பக்கத்தைத் திரும்பவும் திறந்து, இந்த முறை அடிவரைக்கும் போனேன். எல்லாவற்றுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: லிங்க் வழியாக வாங்கினால் எங்களுக்கு வருமானம் வரலாம். இரண்டாயிரம் சொல் தமிழில் எழுதியவருக்கு அந்த ஒரு வரிக்கு மட்டும் தமிழ் வரவில்லை. ஏழு மெஷினின் படமும் விற்கிறவர் போட்ட அதே படம். ஏழு லிங்கும் ஒரே கடைக்குப் போகிறது, ஏழின் வாலிலும் ஒரே அடையாளக் குறி, ஆளை அனுப்பியது யார் என்று கடைக்குக் காட்டுவது. எங்கள் ஊர் பாமசியில் மேல்கை மெஷின் இருக்கிறது. ஒரு வருட உத்தரவாதம், பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அது உங்கள் பட்டியலில் வராது, எப்போதும் வரப்போவதில்லை. பாமசிக்காரரிடம் லிங்க் இல்லையே.

அப்புறம் "குறைகள்" என்ற பகுதி. உண்மையில் எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். மெஷினுக்கு ஒரே ஒரு குறைதானாம்: "பற்றரி தனியாக வாங்க வேண்டும்." பெரியம்மாவின் பெட்டியை நான்தான் பிரித்தேன். பற்றரி உள்ளேதான் இருந்தது.

எங்கள் பக்கம் கல்யாணத் தரகர் இருக்கிறார், மாட்டுத் தரகர் இருக்கிறார். மாட்டுத் தரகர் "நாலு லீற்றர் கறக்கும்" என்றால் கேட்கிறவர் மனதுக்குள் இரண்டு என்று எடுத்துக்கொள்வார். தரகுக்காகப் பேசுகிறார் என்று தெரியும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை. அதே ஆள் தரகர் என்று காட்டிக்கொள்ளாமல், சொந்தக்கார மாமா மாதிரி திண்ணையில் வந்து உட்கார்ந்து மாட்டைப் புகழ்ந்தால்? நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்தத் திண்ணையில். "வாங்க வேண்டாம்" என்று எழுதினால் உங்களுக்கு ஒரு சதமும் வராது என்பது வாசிக்கிறவருக்குத் தெரிந்தால், 4.8 நட்சத்திரத்தை அவர் தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொள்வார். அந்த வாய்ப்பைத்தான் கேட்கிறேன். கொமிஷனை விடச் சொல்லவில்லை, மேலே எழுதச் சொல்கிறேன்.

கொமிஷன் வாங்கிக்கொண்டே ஒழுங்காக எழுத முடியாதா? முடியும். அமெரிக்காவில் வயர்கட்டர் என்ற தளம் 2011 இல் தொடங்கி இந்த லிங்க் காசில்தான் வளர்ந்தது. 2016 இல் நியூயோர்க் டைம்ஸ் அதை வாங்கியது. அவர்கள் பொருளை எடுத்து வைத்துச் சோதித்து, எப்படிச் சோதித்தோம் என்றும் எழுதுகிறார்கள், கொமிஷன் வரும் என்றும் சொல்கிறார்கள். அமேசோன் 1996 இலேயே இந்த முறையைத் தொடங்கிவிட்டது. அவர்களுடைய லிங்கைப் போடுகிறவர்கள் "இதில் எனக்கு வருமானம் உண்டு" என்று சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர்களே வைத்த விதி. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009 இலேயே, காசு வாங்கிப் புகழ்ந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்ற தன் வழிகாட்டலில் வலைப்பதிவர்களையும் சேர்த்துவிட்டது. இந்தியாவும் 2022 நவம்பரில் ஒன்லைன் ரிவியூவுக்கென்று ஒரு தரநிர்ணயத்தைக் கொண்டுவந்தது. இங்கே இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விதமாக வியாபாரி நடக்கக்கூடாது என்கிறது அதன் 30 ஆம் பிரிவு. நான் வியாபாரி இல்லை, எழுத்தாளன் என்பீர்கள். நல்லது. எழுத்தாளருக்கு எதற்கு லிங்கில் வால்?

சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "ரூ. 2,500 மட்டும்" என்று போடுகிறீர்களே, அது எந்த ரூபா? இந்திய ரூபா நம்முடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்தப் பக்கத்தைப் போனில் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் என் கடைக்கு வந்து, "2,500 தானே போட்டிருக்கு, நீ ஏன் கூடச் சொல்றாய்" என்று என்னைக் கள்ளனாகப் பார்க்கிறார்கள் தெரியுமா? பட்டியலில் உள்ளது பாதிக்கு மேல் இலங்கைக்கு அனுப்பாத பொருள். தலைப்பில் மட்டும் இலங்கை.

சரி, குரலை உயர்த்திவிட்டேன். மன்னிக்க வேண்டும். உங்களில் பலருக்கு என் மகனின் வயதுதான் இருக்கும். வேலை கிடைக்காத ஊர்களில் ஒரு லப்டொப்போடு இரவிரவாக உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்பதும் தெரியும். பிழைக்க வேண்டும். அதனால்தான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. இரண்டே வரி. கொமிஷன் வரும் என்று ஒன்று, தொட்டுப் பார்த்தேனா இல்லையா என்று ஒன்று. தமிழில். மேலே. தொட்டுப் பார்க்காவிட்டால் "விற்பவர் தந்த விபரத்தை வைத்து எழுதியது" என்று எழுதுங்கள், அதற்கும் வாசகர் இருப்பார்கள். மருந்து, மெஷின், பிள்ளைகளின் சாமான் என்றால் தயவுசெய்து தொடாமல் எழுதவே வேண்டாம்.

பெரியம்மா இப்போது இரவுக் குளிசையைப் போடுகிறார். மகனிடம் சொல்லவில்லை, கவலைப்படுவானாம். 150 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மெஷின் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடிக் கொமியூனிகேஷன் கடைக்காரன்

பி.கு: பற்றரி இரண்டு, ட்ரிபிள் ஏ, பெட்டியின் அடித்தட்டில் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்தக் "குறைகள்" பகுதியையாவது திருத்திவிடுங்கள்.