காற்றடித்துப் பார்ப்பது பரிசோதனை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைச் சோளச் சேனைகளில் குரங்கும் மயிலும் செய்யும் அழிவைப் பற்றி உங்கள் வார இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இரவு பகலாக வாடியில் (காவல் குடிசையில்) காவல் இருக்கும் விவசாயிகளின் கஷ்டத்தைச் சொன்ன பகுதியில் குறை காண ஏதுமில்லை. ஆனால், குரங்கு விரட்டுவதற்குப் பி.வி.சி. குழாயில் தாமே காற்றுத் துப்பாக்கி செய்த இளைஞரைப் பாராட்டும் இடத்தில், கராஜ் ஒன்றில் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல் என்ற அமுக்க அளவு) வரை காற்றடித்துப் பார்த்தபோது குழாய் தாங்கியதால் அது பாதுகாப்பானது என்று உறுதியானதாக ஒரு வாக்கியம் வருகிறது. தொழினுட்பப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு கலனில் அமுக்கத்தை ஏற்றி அது தாங்குமா என்று பார்ப்பதற்குத் தண்ணீரைப் பாவிப்பதே உலகெங்கும் உள்ள வழக்கம். காற்று சுருங்கும், சுருங்கும்போது தன்னுள் சக்தியைச் சேர்த்து வைக்கும், கலன் உடைந்தால் அவ்வளவையும் ஒரே கணத்தில் வெளிவிடும். தண்ணீரோ கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. கணக்காகவே சொன்னால், 1 லீற்றர் கொள்ளளவுள்ள குழாயில் 100 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 7 பார் அமுக்கத்தில் காற்று இருந்தால், அதில் 1000 யூலுக்குக் கிட்டிய சக்தி அடங்கியிருக்கும். 50 கிலோ நெல் மூட்டையை 2 மீற்றர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையில் விழும் அடிக்கு அது சமம். அதே குழாயில், அதே அமுக்கத்தில் தண்ணீர் இருந்தால், சேர்ந்திருக்கும் சக்தி ஒரு யூலின் பத்தில் ஒரு பங்களவே. ஆகவே, காற்றடித்துப் பார்த்தவர் குழாயைச் சோதிக்கவில்லை. அது உடையாத நாளில் பக்கத்தில் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

தண்ணீரில் சோதிக்கும்போது குழாய் தோற்றால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே விளங்கும். 'டப்' என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். அமுக்கம் காட்டும் மீற்றரின் முள் பூச்சியத்துக்கு விழும். மூடி ஒட்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்புத் தெரியும். அதிலிருந்து தண்ணீர் வழிந்து மேசையை நனைக்கும். காற்றுடன் அதே வெடிப்பு விழுந்தால் பி.வி.சி. கிழிவதில்லை, நொறுங்குகிறது. கத்தி முனை போன்ற சில்லுகள் நாலா பக்கமும் பறக்கும், சுடுபவரின் முகமோ குழாயிலிருந்து ஒரு முழம் தூரத்தில்தான் இருக்கும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிறுவகம் 1988 ஆம் ஆண்டிலேயே, நிலத்துக்கு மேலே அமுக்கக் காற்றைக் கொண்டு செல்லப் பி.வி.சி. குழாயைப் பாவிக்க வேண்டாமென எச்சரித்திருந்தது.

நம் கடைகளில் விற்கும் குழாயில் 600, 1000 என்று அச்சிட்டிருப்பதைச் சிலர் பி.எஸ்.ஐ. என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது கிலோபஸ்கால் கணக்கு. 1000 என்பது சுமார் 145 பி.எஸ்.ஐ., 600 என்பது 87 பி.எஸ்.ஐ. மட்டுமே. அதுவும் தண்ணீருக்காகச் சொன்ன அளவு. வெப்பம் ஏற ஏறப் பி.வி.சி.யின் பலம் குறையும்; 23 பாகை செல்சியஸில் உள்ள தாங்குசக்தி 43 பாகையில் ஏறக்குறைய பாதியாகிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரை வாடிக்குள் கிடக்கும் குழாய் எத்தனை பாகையில் இருக்கும் என்பதை நம் பகுதி மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீண்ட காலம் வெயிலில் கிடந்தால் அது எளிதில் நொறுங்கும் தன்மையும் அடையும். போன மாதம் தாங்கியது இந்த மாதமும் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இரும்புக் கலன் என்றால் கவலையில்லை என்றும் சொல்லமாட்டேன். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரையும், கழித்துவிட்ட தீயணைப்புக் கலனையும் இணைத்துக் காற்றுத் துப்பாக்கி செய்பவர்கள் உண்டு. காற்றோடு வரும் ஈரம் அந்தக் கலனின் அடியைத் துருவாக அரிக்கும், வெளிப் பூச்சில் அது தெரியாது. மிக உயர்ந்த அமுக்கத்தில் எண்ணெய்ப் பசையும் காற்றும் சேர்ந்தால் தீப்பற்றக்கூடும். காற்றுக்குப் பதிலாக ஒட்சிசன் நிரப்புவது நேரடியாகவே வெடியை அழைப்பது. 1780 அளவில் ஆஸ்திரியப் படையினர் காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள், அதன் இரும்புக் குடுவையைச் சரியாகச் செய்வதுதான் அந்தக் காலத்துக் கம்மாளருக்குப் பெரும்பாடாக இருந்தது. விளையாட்டுப் பொருள் என்ற பெயர் அதற்கு ஒருபோதும் பொருந்தவில்லை.

முறையான சோதனையில், கலனுக்குள் ஒரு குமிழியும் மிஞ்சாதபடி தண்ணீரை நிரப்பி, கைப்பம்பினால் பாவனை அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு அளவுக்கு மெல்ல ஏற்றி, தடுப்புக்குப் பின்னால் நின்று மீற்றர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி மிஞ்சினால் அந்த அளவுக்குக் காற்றின் ஆபத்தும் மிஞ்சும். இதைக்கூட வீட்டு முற்றத்தில் செய்யுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழினுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கண்டுபிடிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகள் அங்கே போய்க் கேட்கட்டும்.

சட்டத்தைப் பற்றிக் கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி தயாரிப்பது குற்றம். வெடிமருந்துக்குப் பதிலாகக் காற்றுத்தானே என்று சொல்லி அதிலிருந்து தப்பலாம் என எனக்குத் தோன்றவில்லை; செய்வதற்கு முன்பே மாவட்டச் செயலகத்தில் விசாரிப்பதுதான் புத்தி.

அடுத்த இதழில் அந்த வாக்கியத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இளைஞரிடமும் தயவுசெய்து ஒரு சொல் சொல்லிவிடுங்கள்: குழாயில் காற்று ஏற்றியபடியே அதை வாடியில் சாத்தி வைத்திருந்தால், ஒருவரையும் பக்கத்தில் விடாமல், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்று முழுவதையும் வெளியேற்றட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழினுட்பப் பாட ஆசிரியர்,
மட்டக்களப்பு.